மார்ச் 31-உம் நம்ம ஆளுங்களும்

நிலம் பற்றி எழுதியிருக்கிறோம். தேர், குளம், சுடுகாடு, டீக்கடைத் தம்ளர் பற்றி எழுதியிருக்கிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் வரியைப் பற்றி நம்ம எழுத்தில் ஒண்ணும் கிடையாது. அது முதலாளிமார் சமாச்சாரம், ஆடிட்டர் ஆபீஸ் சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். "அன்றாடங்காய்ச்சிக்கு ஏதுப்பா வரி?" என்று கூட்டத்தில் என்னையே கேட்ட தோழர்கள் உண்டு. செருப்பு வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் வரி கட்டித்தான் வாங்குகிறான் அன்றாடங்காய்ச்சி. இப்போது அந்தச் செருப்பைச் செய்து, பில் போட்டு, அரசாங்கத்துக்கு வரி கட்டுகிற இடத்திலும் நம்ம ஆளுங்க சில பேர் வந்து நிற்கிறார்கள். பத்துக்குப் பதினைந்து கொட்டகை, இரண்டு தையல் மெஷின், நாலு ஆள். அவர்களுக்கு மார்ச் மாதம் வந்தால் வயிற்றைக் கலக்கும். அவர்களுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் சொல்கிறேன்: மார்ச் 31 சாதிக்கு வெளியே இருக்கிற தேதி இல்லை.

கணக்குக்கும் நமக்கும் உள்ள உறவு பழசு. என் தாத்தா ஊர் வெட்டியான். ஜமாபந்தி வந்தால் கர்ணத்தின் கணக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தாலுகா கச்சேரிக்கு நடப்பார். கர்ணம் வண்டியில் போவார். அந்தக் காலத்து ஊர்க்கணக்குக்குப் பசலி ஆண்டு. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஒரு வருஷத்துக் கணக்கை மேலதிகாரி உட்கார்ந்து சரிபார்ப்பதுதான் ஜமாபந்தி. மூட்டைக்குள் அடங்கல், சிட்டா, தண்டல் கணக்கு எல்லாம் இருக்கும். எந்த நிலம் யாருடையது, எவன் எவ்வளவு பாக்கி என்கிற முழு ஊர் ரகசியமும் தாத்தாவின் தலைமேல் இருந்தது. தலைக்குள் போக விடவில்லை. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மரத்தடியில் உட்கார வேண்டியதுதான்.

1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் வேலைகளை ஒழித்தது. பரம்பரைக் கணக்குப்பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். கர்ணம் போனாரே தவிர கணக்கு நம்ம கைக்கு வந்துவிடவில்லை. நைனா தோல் ஷாப்பில் வேலைக்குப் போனார். அங்கேயும் ஒரு நோட்டு. அட்வான்ஸ் வாங்கியது இடது பக்கம், கழித்தது வலது பக்கம். இடது பக்கம் ஏறிக்கொண்டே போகும். "பார்த்துக்கோ, உன் கணக்கு இது" என்று மேஸ்திரி நோட்டைத் திருப்பிக் காட்டுவார். தலைகீழாகத் தெரிகிற நோட்டில் எழுத்துத் தெரியாத மனுசன் என்னத்தைப் பார்ப்பார்? "சரிங்க" என்பார்.

நான் விடுதியில் தங்கி பி.காம். படித்தேன். முதல் வேலை ஒரு ஆடிட்டர் ஆபீசில். யார், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். சேர்ந்த மறுநாளே "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். ஊர்ப் பேரைச் சொன்னால் போதாது, தெருவைச் சொல்லணும். சொன்னேன். அதற்கப்புறம் கட்சிக்காரர் கடைகளில் புதுக்கணக்கு பூஜை வந்தால் எனக்கு அன்றைக்கு பேங்க் வேலை, சலான் கட்டுகிற வேலை. மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் என் கை படக்கூடாது. ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து அதே நோட்டில் பக்கம் பக்கமாக என் கையெழுத்துதான் இருக்கும். அதற்குத் தீட்டு இல்லை. ஏழு வருஷம் அங்கே இருந்தேன். தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

*

இந்த மார்ச் 31 எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும். நம்ம சித்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெள்ளைக்கார அரசாங்கம் 1867-இல்தான் ஏப்ரல் முதல் மார்ச் வரை நிதியாண்டு என்று ஏற்படுத்தியது. அதற்கு முன்னால் மே 1-இல் தொடங்கி ஏப்ரல் 30-இல் முடிந்தது. இங்கிலாந்துக் கணக்கோடு ஒத்துப்போகட்டும் என்று மாற்றினார்கள். வெள்ளைக்காரன் போயும் தேதி போகவில்லை.

தேதி போகட்டும். அவன் வைத்துவிட்டுப் போன இன்னொன்று இருக்கிறது. இந்தியாவில் வருமான வரி 1860-இல் வந்தது. 1857 கலகத்தில் காலியான கஜானாவை நிரப்ப ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தார். 1886-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று விலக்கு கொடுத்தது. நிலத்துக்குத்தான் தனியாகத் தீர்வை கட்டுகிறார்களே என்பது காரணம். இன்றைக்கு நிலத்தீர்வை டீச்செலவுக்கும் காணாது. விலக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. வேறு வருமானமும் இருந்தால் அதற்கு எந்த வீதம் என்று பார்க்கும்போது மட்டும் விவசாய வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். மற்றபடி மத்திய அரசின் வருமான வரி அதைத் தொடாது.

ஐந்து சென்ட்காரனும் இதில்தான் இருக்கிறான், அவனிடம் போய் வரி கேள் என்று நான் சொல்லவில்லை. நாற்பது ஏக்கர்காரரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் கரும்பு விற்று எத்தனை லட்சம் எடுத்தாலும் அதன்மேல் வருமான வரி கிடையாது. அவர் வயலில் கரும்பு வெட்டிய குடும்பத்துப் பையன் ஊரைவிட்டு வந்து ஷூ தைத்து விற்றால் பான் கார்டு, ரிட்டர்ன், அட்வான்ஸ் வரி, நோட்டீஸ் எல்லாம் உண்டு. சட்டத்தில் சாதி என்கிற வார்த்தையே இல்லை. ஆனால் நிலம் யாரிடம் இருக்கிறது? விலக்கு நிலத்துக்கு. நிலம் இல்லாதவனுக்கு அந்த விலக்கு எதுக்கு?

நமக்கு நிலமே கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அது கை மாறிப் போனது. மீட்கப் போராடியவர்களில் ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். காரணைப் போராட்டத்தை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வரிக்கணக்கோடு சேர்ந்தது. அந்த நிலம் நம்மிடம் இருந்திருந்தால் விலக்கும் நம்மிடம் இருந்திருக்கும். பேங்கில் ஈடு வைக்க ஒரு பத்திரமும் இருந்திருக்கும்.

அம்பேத்கர் இதைத் தொட்டிருக்கிறார். அவர் படித்ததே பொதுநிதி. மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அவர் புத்தகம் 1925-இல் வந்தது. 1927-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பட்ஜெட்டைப் பற்றிப் பேசியபோது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று இது: வருமான வரியில் ஒரு தொகைக்குக் கீழே இருப்பவனை விட்டுவிடுகிறாய், நிலவரியில் மட்டும் எவ்வளவு சின்ன விவசாயியாக இருந்தாலும் கட்டச் சொல்கிறாயே, இது என்ன நியாயம்? அன்றைக்குச் சின்ன விவசாயிமேல் பாரம் இருந்தது. இன்றைக்குப் பாரம் இடம் மாறியிருக்கிறது. தாங்க முடிந்தவனிடம் வாங்கு, தாங்காதவனை விடு என்கிற அவர் கேள்வி மட்டும் மாறவில்லை.

*

இனி எங்க பக்கத்துக் கதைக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியது நம்ம கால். பெரிய கம்பெனியில் கட்டிங், பிட்டிங் என்று பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்த சிலர் வெளியே வந்து சின்னதாகச் சொந்தமாகத் தொடங்கினார்கள். கை வேலை தெரியும். லாஸ்ட்டைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்வார்கள். கணக்கு தெரியாது, சொல்லிக் கொடுக்க ஆளும் கிடையாது. கடை வைத்திருக்கிற சாதிக்காரன் வீட்டில் பிள்ளை பத்து வயசிலேயே கல்லாவில் உட்காருகிறது. நம்ம வீட்டில் கல்லாவே இல்லை.

மார்ச் வந்தால் மற்ற வியாபாரிகள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "வருமானத்தை எப்படிக் குறைச்சுக் காட்டலாம்?" நம்ம ஆளுங்க கேட்பது நேர் எதிர்: "தம்பி, நான் சம்பாதிக்கிறேன்னு எப்படிக் காட்டுறது?" இதுதான் நம்ம வரித் திட்டமிடல். புத்தகத்தில் இருக்கிற பாடமெல்லாம் முதல் ஆளுக்கானது.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு அண்ணனுக்கு வருஷ விற்பனை 30 லட்சம். சின்னத் தொழிலுக்கு உத்தேச வருமானம் என்று ஒரு வழி இருக்கிறது. 1961 சட்டத்தில் 44ஏடி பிரிவு. முழுப் பேரேடு எழுத வேண்டாம். விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம். பணம் பேங்க் வழியாக வந்திருந்தால் 6 சதவீதம் போதும். ஆக 2,40,000 அல்லது 1,80,000. இரண்டுமே வரிக்குக் கீழே. ஆடிட்டர்கள் 1,80,000 என்று போட்டு ரிட்டர்னை முடித்துவிடுவார்கள். அண்ணனுக்கும் சந்தோசம்.

மறு வருஷம் அவர் மெஷின் வாங்க 10 லட்சம் கடன் கேட்டு பேங்குக்குப் போகிறார். பேங்க் மூணு வருஷ ரிட்டர்ன் கேட்கிறது. "வருஷத்துக்கு 1,80,000 சம்பாதிக்கிறவர் எப்படிய்யா மாசத் தவணை கட்டுவீங்க?" என்கிறார் மேனேஜர். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதைத்தான் அவர் படிக்க முடியும். நிலம் வைத்திருக்கிறவனுக்குக் காகிதத்தில் வருமானம் குறைந்தாலும் பத்திரம் பேசும். நமக்குப் பத்திரம் இல்லை. ரிட்டர்ன்தான் பத்திரம்.

6 சதவீதம், 8 சதவீதம் என்பது குறைந்தபட்சம். உண்மையில் அதிக லாபம் வந்திருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ள தனிநபருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. அண்ணனுக்கு நிஜ லாபம் ஐந்து லட்சம் என்றால் ஐந்து லட்சமே காட்டலாம். ஒரு பைசா வரி வராது. மூணு வருஷம் அப்படிக் காட்டினால் பேங்கில் பேச ஒரு வாய் கிடைக்கும். அம்பேத்கர் பேரில் மாநில அரசு 2023-இல் கொண்டுவந்த தொழில் முன்னோடிகள் திட்டம் என்று மேடையில் பேசுகிறார்களே, அதற்கும் பேங்க் கதவைத் தாண்டித்தான் போகணும். அந்தத் திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீதம் மானியம். ஆனால் முதலில் பேங்க் மீதியைக் கடன் கொடுக்க ஒத்துக்கணும்.

மார்ச்சில் வருகிற மற்ற ஆட்கள் பற்றியும் சொல்லணும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வருவார்: "அண்ணே, வரி மிச்சம், ஒரு பாலிசி போடுங்க." புதிய முறையில் இருக்கிறவனுக்கு அந்த 80சி கழிவே கிடையாது. மெஷின் விற்கிறவர் வருவார்: "31-க்குள்ள பில் போட்டா தேய்மானம் கிடைக்கும்." வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்குப் பாதித் தேய்மானம்தான். உத்தேச வருமானத்தில் போகிறவனுக்கு அந்தப் பாதியும் தனியாகக் கழியாது, எல்லாம் அந்தச் சதவீதத்துக்குள் அடக்கம். ஆக மெஷின் தேவை என்றால் வாங்கு. மார்ச் என்பதற்காக வாங்காதே. அட்வான்ஸ் வரி கட்ட வேண்டியவனாக இருந்தால் மார்ச் 15 கடைசி. 31-ஆம் தேதி ராத்திரி கொட்டகையில் இருக்கிற தோல், சோல், முடிந்த ஜோடி, பாதியில் நிற்கிற ஜோடி எல்லாவற்றையும் எண்ணி எழுது. இதைக் கூட்டிப் பார்த்தால்தான் லாபமா நஷ்டமா தெரியும். பல பேருக்குத் தொழில் தொடங்கி நாலு வருஷம் கழித்துத்தான் முதல் தடவையாக அது தெரிகிறது.

*

இதுவரை சொன்னது காகிதக் கஷ்டம். அடுத்தவன் பணத்துக்கு நாம் வரி கட்டுவது இதைவிடப் பெரிய கஷ்டம்.

நடந்ததைச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் கடைசியில் ஒரு அண்ணன் நகரத்து மொத்த வியாபாரி ஒருவருக்கு ஆயிரம் ஜோடி அனுப்பினார். ஜோடி 400 ரூபாய். பில் 4 லட்சம். அப்போது ஆயிரம் ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம். 2022 ஜனவரிக்கு முன் 5 சதவீதமாக இருந்ததை 12 ஆக்கியிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு 5 சதவீதம் ஆனது. ஆக அந்த பில்லில் வரி 48,000. மொத்தம் 4,48,000. தீபாவளிக்குள் பணம் என்று வாய்ப்பேச்சு.

தீபாவளி போனது, பொங்கல் போனது, பணம் வரவில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. பில் போட்ட தேதியைத்தான் பார்க்கும், பணம் வந்த தேதியைப் பார்க்காது. வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்ததுபோக 26,000 ரூபாயை அக்டோபரில் அண்ணன் கையைவிட்டுக் கட்டினார். கையில் ஏது? நூற்றுக்கு மாசம் 5 வட்டிக்கு வாங்கினார். மாசம் 1,300. மார்ச் வரை 6,500. வாங்கியவரோ அந்த 48,000-ஐத் தன் கணக்கில் வரவு எடுத்துத் தன் வரியைக் குறைத்துக்கொண்டார். 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த வரவைத் திருப்பிக் கட்டணும் என்று விதி இருக்கிறது. அதை யார் போய் எண்ணிப் பார்ப்பது?

அந்த வட்டியைச் செலவாகக் காட்ட முடியுமா என்று கேட்டார் அண்ணன். பேங்க் வட்டிக்குச் சான்று உண்டு. கந்துவட்டிக்காரன் ரசீது கொடுப்பானா, பான் நம்பர் கொடுப்பானா? 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 20,000-க்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. பேங்க் கடன் கிடைக்கிறவனுக்கு வட்டி செலவு. கிடைக்காதவனுக்கு அது ரத்தம் மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் புதுச் சட்டம் ஒன்று வந்தது. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டமே சொல்கிறது: குறு, சிறு தொழில் செய்கிறவனிடம் சரக்கு வாங்கினால் 15 நாளில் பணம் கொடு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டுவட்டி. அப்போது வங்கி வீதம் 6.75. மூன்று மடங்கு 20.25 சதவீதம். அண்ணனுக்குச் சட்டப்படி வர வேண்டிய வட்டி மட்டும் மார்ச் முடிவில் 40,000 ரூபாய்க்கு மேல். யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததில்லை. பதினேழு வருஷம் அந்தப் பிரிவு அச்சடித்த இடத்திலேயே கிடந்தது.

2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறை. குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்த வருஷம் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். பங்குதாரர் நிறுவனம் 30 சதவீத வரி கட்டுவதாக வைத்தால், 4 லட்சம் பாக்கிக்கு 1,20,000 வரி, செஸ் தனி. மூன்று மடங்கு வட்டிக்குப் பயப்படாதவர்கள் இதற்குப் பயந்தார்கள்.

2024 மார்ச்சில் அண்ணனுக்கு போன் வந்தது. பக்கத்தில் நான் இருந்தேன். "உத்யம் சர்டிபிகேட்ட கேன்சல் பண்ணிடுங்க. இல்லன்னா இனிமே உங்களோட வியாபாரம் பண்றது கஷ்டம்." குரலில் கோபமே இல்லை. சர்டிபிகேட் போனால் அண்ணன் சட்டத்தின் கண்ணில் குறு உற்பத்தியாளர் இல்லை. ஈடில்லாக் கடன் போகும். மத்திய அரசு நிறுவனங்கள் வாங்குவதில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. குறு, சிறு தொழில்களிடம் வாங்கணும் என்று 2012-ஆம் ஆண்டு ஆணை இருக்கிறதே, அதற்குக் கேட்கிற தகுதியும் போகும். நம்மிடம் இருக்கிற ஒரே ஒரு காகிதத்தைக் கிழித்துப்போடச் சொல்கிறார்.

"இன்னா தம்பி பண்றது?" என்றார் அண்ணன்.

"நீங்கதாண்ணா முடிவு பண்ணணும். கேன்சல் பண்ணாலும் ஆர்டர் நிச்சயம் இல்ல. பண்ணலன்னா இந்தப் பணமாவது வரும்."

ரெண்டு நாள் யோசித்தார். ரத்து செய்யவில்லை. மார்ச் 30-ஆம் தேதி சாயங்காலம் 4,48,000 ரூபாய் முழுசாக பேங்கில் விழுந்தது. அதற்கப்புறம் ஏழு மாசம் அங்கிருந்து ஒரு ஜோடிக்குக்கூட ஆர்டர் வரவில்லை. இரண்டு ஆளை நிறுத்தினார். வேறு ஊர் வியாபாரியைப் பிடித்துத்தான் திரும்ப எழுந்தார். இதை வெற்றி என்று எழுத எனக்கு மனசில்லை, தோல்வி என்றும் எழுத மாட்டேன்.

மாநிலத்தில் இதற்கென்று வசதியாக்க மன்றம் இருக்கிறது. பாக்கி வைத்தவர்மேல் மனு போடலாம். நான் கணக்கு எழுதுகிறவர்களில் ஒருத்தரும் போடவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். ஊரில் வன்கொடுமை வழக்குக் கொடுத்தவனுக்கு மறுநாளிலிருந்து கடையில் சாமான் கிடைக்காது, வயலில் வேலை கிடைக்காது. சந்தையிலும் அதேதான். "அவன் கேஸ் போடுறவன்" என்று ஒரு வார்த்தை சுற்றினால் போதும். மொத்த வியாபாரிகள் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், ஒரே சங்கம். நம்ம ஆள் தனி ஆள். சட்டம் எல்லாச் சிறு தொழிலுக்கும் ஒன்றுதான். அதைக் கையில் எடுக்கிற தைரியத்துக்கு மட்டும் சாதி பார்க்கப்படுகிறது.

*

நம்ம பக்கத்தையும் பேசணும். அப்பர் தைக்கிறது வீட்டில் இருக்கிற பொம்பளைங்க. மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கொடுத்து வாங்கி வருவோம். விரல் முனையெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போயிருக்கும். வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் அவர்கள் பேர் எங்கேயும் இருக்காது. "கூலி" என்று ஒரே வரி. உத்தேச வருமானத்தில் போனால் அந்த ஒரு வரிகூடத் தேவையில்லை.

நான் பிடிவாதமாக ஒரு நோட்டு போடச் சொல்கிறேன். பேர், தேதி, எத்தனை ஜோடி, எவ்வளவு கூலி, கையெழுத்து. "இதுனால நமக்கு இன்னா லாபம் தம்பி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. முழுக்கணக்கு எழுதுகிற நாள் வந்தால் செலவுக்குச் சான்று, அது ஒன்று. அந்த அக்கா தோல், காலணித் தொழிலாளர் நல வாரியத்தில் பதியப் போனால் வேலை செய்ததற்கு அத்தாட்சி, அது இரண்டு. மூன்றாவது, தோல் ஷாப்பு மேஸ்திரி நைனாவிடம் காட்டின நோட்டு தலைகீழாக இருந்தது. நாம் வைக்கிற நோட்டாவது அவங்க பக்கம் பார்த்து இருக்கணும். ஒரு அக்கா போன வருஷம் நோட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, "பன்னெண்டாம் தேதி முப்பது ஜோடி குறையுது" என்றார். சரிபார்த்தோம். குறைந்துதான் இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள்.

*

செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் மாறுகின்றன. "முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு" என்கிற குழப்பம் போய் "வரி ஆண்டு" என்று ஒரே சொல். மொழி கொஞ்சம் எளிமை என்கிறார்கள். எளிமையான மொழியும் நம்ம தெருவுக்குத் தானாக நடந்து வராது. இரவுப் பாடசாலைகளில் பத்தாம் வகுப்புப் பாடம் சொல்லித்தருகிற தோழர்கள் ஜனவரி, பிப்ரவரியில் நாலு ஞாயிற்றுக்கிழமை கணக்குக்கு ஒதுக்கலாம். பில்லில் உத்யம் எண் போடுவது, பாக்கிப் பட்டியல் எடுத்து பிப்ரவரியிலேயே எழுத்தில் கேட்பது, ஏப்ரல் 1 முதல் புது பில் எண் தொடங்குவது, ஜி.எஸ்.டி.யில் இணக்க முறை வேண்டுமா என்று மார்ச் 31-க்குள் முடிவு செய்வது. இணக்க முறையில் விற்பனைக்கு 1 சதவீதம்தான். ஆனால் வாங்குகிறவருக்கு வரி வரவு கிடைக்காது, வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. நேரே காலுக்கு விற்கிறவனுக்கு அது நல்லது, மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிறவனுக்கு ஆகாது. இவ்வளவையும் நாலு ஞாயிறில் சொல்லிவிடலாம்.

வசதியாக்க மன்றத்துக்கு மனு போவது தனித்தனியாகத் தொழில் செய்கிறவரின் பேரில்தான் இருக்கும். ஆனால் ஒரே நாளில் இருபது பேர் போடலாமே. இருபது பேரையும் ஒரே வியாபாரி ஒதுக்க முடியாது. அரசு நிறுவனங்கள் அந்த 4 சதவீதத்தை வாங்கினவா என்று வருஷா வருஷம் கேள்வி கேட்க வேண்டியது நம்ம இயக்கங்களின் வேலை. இட ஒதுக்கீட்டுக்குக் கேட்கிறோம், இதற்குக் கேட்பதில்லை.

முதலாளி ஆவதா விடுதலை என்று இளம் தோழர்கள் கேட்பார்கள். இல்லைதான். இரண்டு தையல் மெஷின் வைத்திருப்பவன் முதலாளியும் இல்லை. அவன் தன் கணக்கைத் தானே படித்து, பாக்கியைக் கேட்டு வாங்கி, தையல்காரப் பெண்ணின் கணக்கையும் அவள் கண் முன்னால் எழுதினால், ஊர் இத்தனை காலம் நமக்கு மறுத்த ஒரு வேலையை அவன் செய்கிறான். அடுத்த மார்ச் 31-க்கு இன்னும் நாள் இருக்கிறது. நோட்டு 60 ரூபாய்க்குள் கிடைக்கும்.